ஏலம் போகும் நாற்காலிகளும் எழுதப்படாத பெயர்களும்

போடிநாயக்கனூரில் ஏலம் ஏலம் போகிறது. மலையில் விளையும் மணப்பொருளுக்கும், விலை கூறி ஏற்றும் விற்பனைக்கும் தமிழ் ஒரே சொல்லைக் கொண்டிருப்பது தற்செயலே. முன்னது நம் மலைச்சரிவின் பழஞ்சொல். பின்னது போர்த்துக்கீசியர் வழியே நம்மிடம் வந்தது என்பர் சொல்லாராய்வார். ஆயினும் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்க்கு இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையரே. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் இப்போது கூவுவார் இல்லை. கணிப்பொறித் திரையில் எண்கள் ஏறுகின்றன. காயின் பருமன், நிறம், எடை, குவியலின் எண் எல்லாம் அங்கே உண்டு. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறிப்போய், குனிந்த முதுகு நிமிராமல் அக்காயைப் பறித்த கோம்பைப் பெண்ணின் பெயர் மட்டும் இராது. அதை யாரும் எதிர்பார்ப்பதுமில்லை.

ஏலம் அறியாத ஊர் இப்பக்கத்தில் ஏது? நெடுஞ்சாலைப் புளியமரங்களின் மகசூல், கண்மாய் மீன், பேருந்து நிலையக் கடை, மீட்கப்படாத அடகு நகை என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று ஏலத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் 'கழிவு செய்யப்பட்ட தளவாடச் சாமான்கள்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கால் உடைந்த நாற்காலியையும் மூடி கழன்ற மேசையையும் மொத்தமாக ஒருவர் தலையில் கட்டும் ஏலம். இக்கடைசி வகையைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகிறோம். இதனினும் எளிய செய்தி உண்டோ என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள்க. இப்படிக் கழிக்கப்பட்ட அரசாங்க நாற்காலிகளே பாரிசிலும் நியூயார்க்கிலும் பட்டுத்துணி விரித்த மேடை ஏறி, ஒரு சோடி பல லட்சம் ரூபாய்க்குப் போகின்றன.

நடந்தது சண்டிகரில். 1947-இல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனபின், இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று வேண்டியிருந்தது. 1951-இல் அதனைக் கட்ட அழைக்கப்பட்டவர் லெ கொர்புசியே. அவர் வந்து வந்து போனார். அவருடைய உறவினரும் நெடுநாள் தொழில்துணைவருமான பியேர் ஜான்னரே வந்து தங்கிவிட்டார். 1965 வரை ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அங்கேயே இருந்து, வீடுகளையும் பள்ளிகளையும் பல்கலைக்கழகக் கட்டடங்களையும் எழுப்பினார். 1967-இல் அவர் மறைந்தபின், அவர் விருப்பப்படியே அவரது சாம்பல் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. ஊரை அந்த அளவுக்கு நேசித்தவர்.

ஜான்னரே ஒன்றும் பழமைவாதி அல்லர். 1929-இல் பாரிசில் நடந்த இலையுதிர்காலக் கலைக்காட்சியில், லெ கொர்புசியே, சார்லோத் பெரியான் ஆகியோருடன் சேர்ந்து எஃகுக் குழாய் வளைத்த நாற்காலிகளை வைத்தவர். இருக்கைக்கும் மேசைக்கும் பூ வேலையும் சிங்க முகமும் எதற்கு, இயந்திர யுகத்தின் பொருள் இயந்திரம்போலவே இருக்கட்டும் என்று வாதிட்ட புதுமைக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர். அப்படிப்பட்டவர் சண்டிகருக்கு வந்தபோது கண்டது என்ன? எஃகு அரிது, ஆலைகள் அருகில் இல்லை. தேக்கும் சீசமும் பிரம்பும் இருந்தன. மூங்கிலும் கயிறும் இருந்தன. இவை எல்லாவற்றினும் மேலாகத் தச்சர்கள் இருந்தனர். தம் கொள்கையைக் கையில் உள்ள பொருளுக்கு வளைத்தார். தம் வீட்டுக்கென மூங்கிலிலும் கயிற்றிலும் இருக்கைகள் செய்து பார்த்தார். செயலகம், உயர்நீதிமன்றம், சட்டமன்றம், பல்கலைக்கழக நூலகம், மாணவர் விடுதி என ஒவ்வொன்றுக்கும் மரத்தளவாடம் வரைந்தார். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அவ்வேலையில் பங்கு கொண்டனர்.

அந்நாற்காலியைப் படத்தில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். முன்காலும் பின்காலும் மேலே கூடிக் கீழே விரிந்து, பள்ளிப் பிள்ளையின் கவராயம் நிற்பதுபோல் நிற்கும். இருக்கையும் சாய்வும் பிரம்புப் பின்னல். கோடையில் காற்று புகும். கால் தடித்தது, நேர்க்கோட்டில் அறுத்தது. கடைசல் இல்லை, செதுக்கு இல்லை. உளியும் இழைப்புளியும் வாளும் மட்டுமே உள்ள பட்டறையிலும் செய்யக்கூடியதாக அது வரையப்பட்டது. ஆகவே, ஒரே வரைபடத்தைப் பல பட்டறைகளுக்குக் கொடுத்துச் செய்வித்தார்கள். ஒன்றின் கை சற்றே அகன்றிருக்கும்; இன்னொன்றின் சாய்வு ஒரு விரற்கடை சரிந்திருக்கும். இன்று ஏலப் பட்டியல்கள் போற்றிச் சொல்லும் சிறப்பே இதுதான்: ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை, எல்லாம் கையால் செய்தவை.

பிறகு காலம் கடந்தது. பிரம்பு அறுந்தது, கால் ஆடியது. எழுத்தர்களுக்கு இரும்பு நாற்காலியும் பஞ்சு வைத்த சுழல் நாற்காலியும் வந்தன. மரநாற்காலிகள் மொட்டைமாடிக்கும் கொல்லைக்கும் போய் மழையில் நனைந்தன, அடுக்கடுக்காய்க் குவிந்தன. அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டார்; கழிவு ஏலம் நடந்தது. பழைய மரம் வாங்குவோரும், இதன் அருமை அறிந்த வெளிநாட்டு வணிகர்களும் விறகு விலையில் அள்ளிச் சென்றனர். எண்ணெய் பூசி, பிரம்பு மாற்றி, மேனாட்டு ஏலக்கூடங்களில் ஏற்றினர். நாடு விழித்துக்கொண்டது அதற்குப் பின்புதான். 2011-இல் உள்துறை அமைச்சகம் இப்பாரம்பரியப் பொருள்களை விற்கவோ ஏலமிடவோ கூடாதென்று ஆணை பிறப்பித்தது. சண்டிகரில் எஞ்சியவற்றைக் கணக்கெடுத்தபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை பட்டியலில் ஏறின. ஆயினும் முன்னரே கடல் கடந்தவை மாறி மாறி ஏலம் போய்க்கொண்டே இருக்கின்றன. வழக்குரைஞர் அஜய் ஜக்கா போன்றோர் ஒவ்வோர் ஏலத்தின்போதும் அமைச்சகங்களுக்கும் தூதரகங்களுக்கும் எழுதியவண்ணம் இருக்கின்றனர்.

எழுதிப் பயன் என்ன? 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி நூறாண்டு நிரம்பிய பொருளே தொல்பொருள். ஓலைச்சுவடி முதலிய எழுத்துப்படிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டு. 1955-இல் செய்த நாற்காலி இன்னும் நூறைத் தொடவில்லை. அச்சட்டம் கலைச்செல்வம் என்று இன்னொரு வகையையும் வகுத்தது. அதன்கீழ் ரவிவர்மா, ரவீந்திரநாதர், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில் முதலிய ஒன்பது ஓவியர்தம் படைப்புகள் நாட்டின் செல்வமாய் அறிவிக்கப்பட்டுள்ளன. ஓவியம் செல்வம், உட்காரும் பலகை செல்வம் அன்று. அதற்கும் மேலே, விற்றவன் திருடன் அல்லன். அரசே முறைப்படி ஏலமிட்டு, ரசீது கொடுத்து விற்றிருக்கிறது. பிறகு எந்த முகத்தோடு திருப்பித் தா என்று கேட்பது?

இவ்விடத்தில் பலரோடு நாம் மாறுபடுகிறோம். இச்செய்தி பேசப்படும்போதெல்லாம், வெள்ளைக்காரன் மறுபடியும் கொள்ளையடித்துவிட்டான் என்றொரு கூக்குரல் எழுகிறது. சிலை திருட்டுக்கு அக்கூக்குரல் பொருந்தும். நம் கோவில்களின் செப்புத் திருமேனிகள் இரவோடிரவாகக் கடத்தப்பட்டதை அறிவோம். இது அதுவன்று. மழையில் நனைந்து கிடந்த நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தவன் அயலான். வாங்கியவன் பேராசைக்காரனாகவே இருக்கட்டும், கழித்தவன் யார்? தன் முற்றத்தில் கிடந்ததன் அருமையை அயலான் கை தட்டி விலை சொன்ன பிறகே உணரும் நோய் நமக்குப் புதிதன்று. அந்நோய்க்கு நாட்டுப்பற்று என்று பெயர் சூட்டி மறைக்கவேண்டாம் என்பதே நம் விண்ணப்பம்.

விலையின் மீதும் நமக்குக் கோபம் இல்லை. பணம் படைத்தவர் நாற்காலிக்குக் கொடுத்தால் கொடுக்கட்டும். நம் கோபம் வேறு. ஏலப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: 'பியேர் ஜான்னரே, சுமார் 1955, தேக்கு, பிரம்பு, பஞ்சாப் பல்கலைக்கழகத்திலிருந்து பெற்றது.' வரைந்தவர் பெயர் உண்டு. மரத்தின் பெயர் உண்டு. இருந்த கட்டடத்தின் பெயர் உண்டு. நாற்காலியின் முதுகில் அலுவலக எழுத்தர் தகட்டு அச்சு வைத்து வெள்ளை வண்ணத்தில் தீட்டிய இருப்பு எண்கூட உண்டு. அவ்வெண் இருந்தால் விலை கூடும் என்பதால் அதையும் போலியாகத் தீட்டுவோர் உளர் எனப் படிக்கிறோம். இத்தனையும் இருக்கும் இடத்தில் உளி பிடித்தவன் பெயர் எங்கே?

அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013-இல் இந்நாற்காலிகளைப் பற்றி ஒரு படம் எடுத்தார். செல்வர்களின் மாளிகையில் தொடங்கி, ஏலக்கூடம், செப்பனிடும் பட்டறை, கப்பல் எனப் பின்னோக்கி நடந்து சண்டிகர் அலுவலகங்களில் வந்து முடியும் படம். பிறகு அப்படத்தையே இலண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்தில் விட்டார். அதுவும் விலை போயிற்று. கலைஞரின் குத்தல் புரிகிறது. ஆனால் அலுவலகத்துக்கும் முன்னே ஓர் இடம் உண்டே! மரத்தூள் பறக்கும் பட்டறை. பின்னோக்கிய நடையும் அதன் வாசலை எட்டவில்லை.

தச்சன் கூலி வாங்கினான், கணக்கு முடிந்தது; சேலையில் நெய்தவன் பெயரையா எழுதுகிறோம் என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். மறுமொழி இது. இதே வடிவத்தை இன்று இந்தியாவிலும் அயல்நாடுகளிலும் எத்தனையோ பட்டறைகள் நகல் செய்து விற்கின்றன. கவராயக் கால் அதேதான், பிரம்பு அதேதான், வரைபடம் அதேதான். நகலுக்குச் சில ஆயிரம்; மூலத்துக்குப் பல லட்சம். வடிவத்துக்கே விலை என்றால் இரண்டும் ஒரே விலைக்குப் போகவேண்டும் அல்லவா? போகவில்லை. எனில் அந்த வேறுபாட்டில் அடங்கியிருப்பது என்ன? காலத்தின் பழமை, இருந்த இடத்தின் புகழ், பிறகு அந்தக் கோணலான, விரற்கடை பிசகிய, கையால் செய்த தன்மை. விற்பவர்கள் அதைச் சொல்லியே விற்கிறார்கள். கையை விற்றுவிட்டு, கைக்கு உரியவன் யாரென்று கேட்டால் அது அற்பக் கேள்வி என்பது என்ன நியாயம்?

சட்டமும் இதற்குத் துணை வரவில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் 53ஏ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஓவியமோ சிற்பமோ வரைபடமோ கையெழுத்துப் படியோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், படைத்தவர்க்கு அவ்விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேற்படாத ஒரு பங்கு கேட்க உரிமை உண்டு. நல்ல பிரிவு. எத்தனை பேர் அதனால் பயன் கண்டனர் என்பது வேறு கதை. அதிலும் நாற்காலி இல்லை. மேலும் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் செய்துவிட்டால் அதில் பதிப்புரிமை நில்லாது என்கிறது. ஒன்று செய்தால் கலை, ஐம்பத்தொன்று செய்தால் சரக்கு! நூறு நாற்காலி செய்து நூறையும் வேறுவேறாகச் செய்த கை இவ்விரண்டுக்கும் இடையே விழுந்து காணாமல் போகிறது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோம். ஊரின் பெயர் காக்கப்பட்டது. ஆனால் அங்கும் காக்கப்படுவது ஊர்ப் பெயரே, ஆட்பெயர் அன்று.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், மூலதனத்துக்கு முன்னே நிற்பது உழைப்பே என்று வலியுறுத்தினார். அதைப் படித்துக் கைதட்டிய நாம், பட்டறைப் பக்கம் எத்தனை முறை திரும்பினோம்? நம் ஆலயங்களில் சூசையப்பர் கையில் லீலி மலரைக் காண்கிறோம்; உளியைக் காண்பது அரிது. இது போகிற போக்கில் சொன்னது.

சண்டிகரைக் குறைகூறும் நாம் நம் பள்ளத்தாக்கை விட்டுவிட முடியாது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறந்து, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. கூடலூர் தொடங்கித் தேனி வரை இருபோகம் கண்டோம். பென்னிகுவிக்கை மறந்தோமா? இல்லை. லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறோம். நன்றி மறவா மக்கள் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோம். சரி. காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்டு அம்மலையிலேயே புதைந்த கூலியாட்களில் ஒருவர் பெயரேனும் நம் நாவில் உண்டா? ஒருவர்? பொறியாளரின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஜான்னரேயைக் கொண்டாடித் தச்சனை விட்ட ஏலக்கூடத்தாரும், பென்னிகுவிக்கைக் கொண்டாடி மண் சுமந்தவனை விட்ட நாமும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பதற்காகவே சொன்னோம்.

வேறு வழி உண்டா என்பார்க்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, 1930-களின் இறுதியில் எழத் தொடங்கியது. அந்தோனின் ரேமண்ட் அதன் கட்டடக் கலைஞர். அவருடைய அலுவலகத்திலிருந்து வந்து வேலையைப் பார்த்தவர் ஜார்ஜ் நகஷிமா என்னும் ஜப்பானிய வமிசத்து அமெரிக்க இளைஞர். அவ்விடுதிக்குத் தேக்கு மரத்தில் கட்டிலும் நாற்காலியும் மேசையும் வடித்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். அத்தளவாடங்கள் மழையில் நனையவும் இல்லை, கழிவு ஏலத்துக்கு வரவும் இல்லை. ஆசிரமத்தார் அவற்றைத் துடைத்து, பழுது பார்த்து, நாள்தோறும் புழங்கிவருகின்றனர். புழங்குவதைக் காட்டிலும் பெரிய பாதுகாப்பு மரத்துக்கு இல்லை.

நகஷிமாவின் கதையில் நாம் எண்ணி எண்ணிப் பார்ப்பது இன்னொன்று. 1942-இல், போர்க்காலத்தில், ஜப்பானிய வமிசத்தார் என்ற ஒரே குற்றத்துக்காக அவர் குடும்பத்தோடு ஐடகோ மாநிலத்து முகாம் ஒன்றில் அடைக்கப்பட்டார். அங்கே கெண்டாரோ ஹிகோகவா என்ற தச்சர் இருந்தார். கட்டடக் கலை கற்றுப் பட்டம் பெற்ற நகஷிமா, அம்முகாமில் அத்தச்சரிடம் மாணாக்கராக அமர்ந்து கைத்தொழிலைக் கற்றார். பின்னாளில் உலகப் புகழ் பெற்றபோதும் அவ்வாசானின் பெயரைச் சொல்ல அவர் தயங்கவில்லை. ஆகவேதான் இன்று நாமும் அப்பெயரை எழுத முடிகிறது. தம் மேசைகளின் அடிப்புறத்தில், வாங்கியவர் பெயரை எழுதிக் கொடுக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அம்மேசைகளும் இன்று பெருவிலைக்கு ஏலம் போகின்றன. ஏலம் பெயரைத் தின்றே தீரும் என்பது விதியன்று. எழுதி வைத்தால் பெயர் நிற்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். இப்பள்ளத்தாக்கில் ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், பழைய பெஞ்சுகளைக் கழித்தார்கள். பலாப் பலகையும் வேங்கைக் காலும் உடையவை. ஆணி இல்லை, துளையிட்டுக் கழுந்து இறக்கி மரமுளை அடித்த பொருத்து. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் உட்கார்ந்து வழவழத்துப் போனவை. எடைக்குப் போட்டார்கள், தகரப் பெஞ்சு வந்தது. கேட்டபோது, அரசாங்க விதிப்படி முறையாக ஏலம் விட்டோம், மூன்று விலைப்புள்ளி வாங்கினோம் என்றார்கள். உண்மைதான், முறையில் ஒரு குற்றமும் இல்லை. சண்டிகரிலும் இருந்திராது. அன்று ஏலம் எடுத்தவரின் வண்டிக்குப் பின்னேயே போய், அவர் கேட்ட விலையைக் கொடுத்து இரண்டு பெஞ்சுகளை மீட்டோம். இந்த வயதில் இது எதற்கு என்று வீட்டார் சிரித்தார்கள்.

அவற்றைக் கவிழ்த்துப் பார்த்தபோது, பலகையின் அடியில் பென்சிலால் முழக்கணக்கு எழுதியிருந்தது. பொருத்து மாறிவிடாமல் இருக்கத் தச்சர் உளியால் இட்ட கீற்றுகள் ஒவ்வொரு காலிலும் இருந்தன: ஒரு கீற்று, இரு கீற்று, மூன்று கீற்று, குறுக்கே ஒரு வெட்டு. பெயர் இல்லை. சின்னமனூர்ப் பக்கத்து முதிய தச்சர் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். இடக்கைக்காரன் வேலை என்றார். எப்படித் தெரியும் என்றோம். கீற்றின் சாய்வைக் காட்டினார். யாராக இருக்கலாம் என்று இரண்டு பெயர்களைச் சொல்லி, ஒன்றைத் தாமே மறுத்து, மற்றதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

ஆகவே, பங்குகளிலும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பொறுப்பில் உள்ள அன்பர்களிடம் நாம் கேட்பது சிறிது. கழிவுப் பட்டியலில் கையெழுத்திடுமுன் அப்பொருளை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முன் அதைச் செய்தவர் யாரென்று சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு இருப்புப் பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அப்பெயரை எழுதுங்கள். அந்தப் பதிவேட்டில் இடம் உண்டு. 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. புதிதாக ஒரு மேசை செய்வித்தால் அடிப்பலகையில் செய்தவரையே பெயர் எழுதச் சொல்லுங்கள். கூலியோடு அதையும் பேசிக்கொள்ளுங்கள்.

மீட்ட பெஞ்சுகள் இரண்டும் இப்போது நம் திண்ணையில் கிடக்கின்றன. சென்ற மாதம் பழைய சாமான் வாங்குபவர் ஒருவர் வந்து விலை கேட்டார். அம்முதிய தச்சர் சொன்ன பெயர் சரிதானா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அவருடைய மகன் உத்தமபாளையத்தில் கதவு நிலை செய்கிறாராம்.